பெட்டியில போட்டிருக்கு

அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை, ஐயா. 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டு அனுப்பினால் தலைகீழாகத்தான் போய்ச் சேரும். 'கவனமாகக் கையாளவும்' என்று போட்டிருந்தால் இறக்குகிறவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிடும். இத்தனை வருடத் தொழிலில் பெட்டியை எழுத்துக்கூட்டிப் படித்து, படித்தபடியே நடந்துகொண்ட மனிதர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். போன மாதம்வரை என் பங்குதாரர்.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிற பெட்டி எங்களுடையதுதான். மறுக்கவில்லை. அதில் யாரோ பழைய செருப்பு போட்டு வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். நல்லது. செருப்புக்கு அந்த அட்டை தாராளமாகத் தாங்கும்.

எங்கள் சரக்கு தரை கழுவும் திரவம். பெரிய கேன், பெட்டிக்கு நான்கு. எலுமிச்சையைக் கண்ணால்கூடப் பார்க்காத எலுமிச்சை வாசனை. கலப்பதும் நிரப்புவதும் சாமான் வாங்குவதும் என் பொறுப்பு. குடோனும் லாரியும் அத்தான் பொறுப்பு. நான் பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் வீட்டில் குழந்தை முதலில் பேசும் வார்த்தை 'அம்மா' இல்லை, 'குறைங்க'. அப்பா ஒரு குடை வாங்கப் போனால் மழை நின்ற பிறகுதான் வாங்குவார். அப்போதுதான் விலை இறங்கும் என்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அத்தான். வந்த புதிதில் நான் தொழிலுக்கு ஒரு எடைத் தராசு வாங்கினேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தராசைச் சுற்றி ஒரு நடை நடந்தார். துக்க வீட்டில் நடப்பதுபோல மெதுவாக.

"ஏமாந்துட்டியே மாப்ளே," என்றார்.

அதோடு விட்டிருந்தால் இன்று நாம் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு பெயர் வைத்தார். 'முழுவிலை'. நான் கடைவீதியில் நடந்தால், "வாங்க முழுவிலை, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்பார்கள். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓ, முழுவிலைங்கிறது நீங்கதானா?" என்று உள்ளம் குளிரக் கேட்டார். என் மனைவியே ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் வாய் தவறிக் கூப்பிட்டாள். அத்தானை நான் குறை சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்வதைத்தான் நிறுத்தச் சொல்ல முடியாது.

சரி, மிஷின் விஷயத்துக்கு வருகிறேன்.

அதுவரை பெட்டிமேல் ரப்பர் ஸ்டாம்புதான். பேக்கிங் பெண்கள் கணவன்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் அதில் காட்டுவார்கள். தேதி ஒரு பக்கம் சாயும், பேட்ச் எண் ஒரு பக்கம் வழியும். ஒருநாள் பெரிய கடைக்காரர்கள் ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய ஸ்கேனருக்கு எங்கள் பார்கோடு படிக்க வரவில்லையாம். இனிமேல் பெட்டிமேல் நேராக அச்சிட்ட, படிக்க வருகிற கோடு இருந்தால் சரக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மை பீய்ச்சி அச்சிடுகிற இங்க்ஜெட் மிஷின் வாங்காமல் தொழில் இல்லை என்றாகிவிட்டது.

இங்க்ஜெட் என்றால் ஒன்று என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளைகள் மாதிரி அதில் ரகம் ரகமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேல்ஸ்காரர், ஒவ்வொருவருக்கும் ஒரு டை.

முதலில் வந்தவரின் மிஷின் பெரிய பெரிய புள்ளியாகத் துப்பும். எழுத்து தெருக்கோடியில் நின்று படிக்கலாம். ஆனால் கோடு, படம் என்றால் முடியாது. அடுத்தவர் கொண்டுவந்தது கெமிக்கல் மை. போட்ட கணத்தில் காயும். ஆனால் எழுத்து எறும்பு சைஸ். பாட்டிலுக்குச் சரி, பெட்டிக்குப் பத்தாது. மூடியைத் திறந்தால் நகப்பூச்சுக் கடைக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. மூன்றாமவர் கார்ட்ரிட்ஜ்காரர். அழகான அச்சு. ஆனால் பெட்டி, மை துப்புகிற ஹெட்டை உரசுகிற தூரத்தில் போகவேண்டும். கொஞ்சம் புடைத்த பெட்டி வந்தால் இடித்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் மை வருகிற மூக்கு காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஊழியர்களையே சாப்பாட்டு நேரத்தில் சமாளிக்க முடியவில்லை, மிஷினையும் சமாளிக்க வேண்டுமா?

நான்காவது, எண்ணெய் மை. அட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும், தனியாகக் காயவைக்க வேண்டாம். ஹெட் ஒரு உள்ளங்கை உயரம். எழுத்து, பார்கோடு, குடை, அம்பு, அடுக்குப் படம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் போடும். வாரக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அடைக்காது. வெற்றுப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டால் போதும், எந்தச் சரக்குக்கு என்ன வேண்டுமோ சின்னத் திரையில் தட்டிவிட்டு அச்சிடலாம்.

நான் நாலு பேருடைய சாம்பிள் பெட்டிகளையும் வரிசையாக வைத்து, எங்கள் சரக்கையே ஒரு துணியில் நனைத்து எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தேன். கேன் கசிவது எங்கள் தொழிலில் சகஜம். மற்ற மூன்றும் மங்காமல் நின்றன. எண்ணெய் மை மட்டும் கரைந்து துணியோடு வந்துவிட்டது. அட்டையில் புகை படிந்ததுபோல ஒரு கறை, அவ்வளவுதான். எண்ணெய்க்காரரின் முகமும் கூடவே கரைந்தது.

"உங்க லிக்விட் ரொம்ப பவர்புல் சார்," என்றார்.

"உங்க மைதான் ரொம்ப சாது," என்றேன்.

குறை இருக்கிற இடத்தில்தான் ஐயா விலை இறங்கும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கரையும் என்பதற்காக வாங்கவில்லை. கரைவதால் இறங்கும் விலைக்காக வாங்கினேன்.

அந்தப் பேரத்தைப் போல ஒன்றை நான் வாழ்க்கையில் பேசியதில்லை. அவர் விலை சொன்னதும் நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். இறக்கினார். அந்தத் துணியை எடுத்து மடித்தேன். இறக்கினார். கார்ட்ரிட்ஜ்காரர் கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்துப் பல் குத்தினேன். மேலாளருக்குப் போன் செய்தார், வெளியே போய்ப் பேசினார், உள்ளே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் முதலில் சொன்னதில் பாதிக்குக் கீழே வந்து நின்றோம். பொருத்திக் கொடுப்பது, சொல்லிக்கொடுப்பது எல்லாம் அதிலேயே. எழுந்து போகும்போது, "உங்கள மாதிரி ஒரு கஸ்டமர் இனிமே எனக்கு வேண்டாம் சார்" என்றார். யாரும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை. அன்று என் அப்பா இல்லையே என்று இருந்தது.

மிஷின் ஓட ஆரம்பித்த அன்று அத்தான் வந்தார். கன்வேயர் பக்கத்தில் நின்று பெட்டிகள் போவதைப் பார்த்தார். பேக்கிங் பெண்கள், சரக்கு ஏற்றி இறக்குகிற லோடுக்காரர், எல்லோரும் இருந்தார்கள்.

"எவ்வளவுக்கு முடிச்ச?"

சொன்னேன். மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அந்த நடை எனக்குத் தெரியும்.

"ஏமாந்துட்டியே மாப்ளே."

"பாதி விலைக்குக் கீழ அத்தான்."

"அவன் ரெண்டு மடங்கு சொல்லியிருப்பான். நீ பாதின்னு சந்தோஷப்பட்டிருப்ப."

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே எண்ணெய்க்காரருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வைத்தார். பேசியது ஒரு டீ குடிக்கிற நேரம்தான். "தம்பி, எங்க முழுவிலைகிட்ட நல்லா கறந்துட்டீங்க போல" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் எண்ணெய்க்காரர் சிரித்தார். முடிக்கும்போது ஒரு வருடத்துக்கு மை இலவசம். போனை வைத்துவிட்டு அத்தான் என் முதுகில் தட்டினார். பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். கோபத்தில் செய்தேன் என்று எழுதினால் அது தப்பு. எனக்குக் கோபமே வரவில்லை.

முன்பு பெட்டிக் கம்பெனியே அடுக்குப் படத்தை அச்சிட்டு அனுப்பும். பெட்டிமேல் பெட்டி வைத்ததுபோல ஒரு சின்னப் படம், நடுவே ஒரு எண். அத்தனைக்கு மேல் அடுக்காதே என்று அர்த்தம். அப்போது ஐந்து தாள் சேர்த்து ஒட்டிய ஐந்து ப்ளை அட்டை, எண்ணும் ஐந்து. இப்போது நாமே அச்சிடுவதால் வெற்றுப் பெட்டி வாங்கப் போனேன். பெட்டிக் கம்பெனிக்காரர் ஐந்து ப்ளையைக் காட்டினார். நான் மூன்று ப்ளையைக் கேட்டேன்.

"கேன் சரக்குக்கா? நாலுக்கு மேல அடுக்காதீங்க. ஈரக்காத்து அடிச்சா அதுவும் சந்தேகம்," என்றார்.

"சரிங்க," என்றேன். விலையை வேறு கொஞ்சம் குறைத்தேன். பழக்கம்.

திரும்பி வந்து திரையில் அடுக்குப் படத்தைத் தட்டி எட்டு என்று போட்டேன். கைதவறியது என்றுதான் உங்களிடம் சொல்வதாக இருந்தேன். ஆனால் நீங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், பொய் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எட்டு என்றால் கூரைக்குக் கீழே ஒரு முழம் இடம் விட்டு நிற்கும். ஒன்பது என்று போட்டால் அத்தானே சந்தேகப்படுவார். அவ்வளவு யோசித்துத்தான் போட்டேன்.

அத்தான் ஏன் பெட்டியை அப்படிப் படிப்பார் என்று கேட்டீர்கள். ஒருமுறை லாரிக்காரர்கள் ஒரு லோடை நசுக்கிக் கொண்டுவந்தபோது, அடுக்குப் படத்தைக் காட்டி, "பெட்டியில போட்டிருக்குல்ல?" என்று ஒரே கேள்வியில் மொத்த நஷ்டத்தையும் அவர்கள் தலையில் கட்டினார். அதிலிருந்து அவருக்குப் பெட்டிதான் சட்டப் புத்தகம். யார் எது கேட்டாலும், "பெட்டியில போட்டிருக்கு." அதற்கு மேல் பேச்சில்லை.

புதுப் பெட்டிகள் குடோனுக்குப் போன அன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். விரலால் அட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, மெலிசா இருக்கு?"

"புது ரகம் அத்தான். பெட்டிக்காரர் சொன்னார், 'உங்க அத்தானுக்கு இந்த ரகம் தெரிஞ்சிருக்குமே'ன்னு."

மறுபடி ஒருமுறை தட்டினார்.

"தெரியும் தெரியும்," என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். "எட்டா?"

"பெட்டியில போட்டிருக்கே அத்தான்."

இவ்வளவுதான் நான் பேசியது. எட்டு அடுக்குங்கள் என்று என் வாயால் சொல்லவில்லை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு அடுக்கினால் பக்கத்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட் தேவையில்லை. உடனே காலி செய்தார். அந்த மிச்சத்தைப் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னார். "முழுவிலை கொடுத்து வாங்கின மிஷின்ல நான்தான் லாபம் எடுத்திருக்கேன்" என்று அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். குடோன் எட்டுப் பெட்டி உயரத்துக்கு எழும்பி நின்றது. உள்ளே நடந்தால் சந்துக்குள் நடப்பதுபோல இருக்கும். வாசனை மட்டும் எலுமிச்சைத் தோட்டம்.

பிறகு மழை ஆரம்பித்தது. லோடுக்காரர் என்னிடம் வந்தார். அவருக்குப் படிக்க வராது, ஆனால் கண் உண்டு.

"அண்ணே, கீழ்ப்பெட்டி எல்லாம் விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி தள்ளிக்கிட்டு நிக்குது."

"அத்தான்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'நீ படிச்சியா, நான் படிச்சேனா'ங்கறாரு. பெட்டியில போட்டிருக்காம்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

என்னைக் கொடுமைக்காரன் என்று நினைக்கவேண்டாம். அடுத்த நாளே லோடு ஆட்களின் சாப்பாட்டு நேரத்தை மாற்றினேன். குடோனுக்குள் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, மிஷின் பக்கத்தில் விசிறி போட்டிருக்கிறேன், அங்கே சாப்பிடுங்கள் என்றேன். சாப்பிட்டுவிட்டு அங்கேயே கொஞ்சம் கண்ணயரட்டும் என்றேன். அவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். அநியாயமாக ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது. என்னை முதலாளியாக அவர்கள் வாழ்த்தியது அந்த ஒரு காரியத்துக்குத்தான்.

அத்தானுக்கு மட்டும் அந்த நேரத்தில் ஒரு பழக்கம். வரிசைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார். மேலே காற்று வரும் ஜன்னல், அங்கேதான் செல்போன் டவர் நன்றாக எடுக்கும். சாப்பிட்டதும் அதில் சாய்ந்து உட்கார்ந்து யாரிடமாவது பேரம் பேசுவார். மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள், தூங்குவார்கள். இவருக்குப் பேரம்தான் ஜீரண மருந்து.

நான் தினமும் அந்த நேரத்தில் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். அடுப்பில் பால் வைத்தவர்கள் எட்டிப் பார்ப்பதில்லையா, அதுபோல.

அன்று அவர் தார்ப்பாய் வாங்கப் பேசிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் வேற யாராவது முழுவிலை கிடைப்பான், அவன்கிட்ட சொல்லுங்க" என்று சிரித்தார். அட்டை உடையும்போது சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பெருமூச்சு விடுவதுபோல ஒரு ஓசை. கீழ்ப்பெட்டி ஒன்று உட்கார்ந்தது, அதன் மேலிருந்தவை ஒரு யோசனையோடு முன்னால் சாய்ந்தன, எதிர் வரிசையும் சேர்ந்துகொண்டது. மூடிகள் தெறித்துத் திரவம் தரையெல்லாம் நுரைத்து ஓடியது. அந்தத் தரை அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

அதன் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், நடுவில் விட்டதற்குப் பிறகு வருகிறேன். ஆம்புலன்ஸ் போனதும் நான் துணியை எங்கள் சரக்கிலேயே நனைத்து, நனையாமல் நின்ற பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எட்டெல்லாம் கரைந்து வந்தது. "பாவம், துக்கத்துல என்ன செய்றார்னே தெரியல" என்று லோடுக்காரர் என்னைப் பார்த்து அழுதார். துடைத்த பெட்டி, நனைந்த பெட்டி எல்லாவற்றின் கேன்களையும் புதுப் பெட்டிக்கு மாற்றச் சொன்னேன். மிஷினில் நான்கு என்று தட்டினேன். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்த பெட்டி ஒவ்வொன்றிலும் நான்குதான் இருந்தது. நான்கு என்று போட்டிருந்தும் எட்டு அடுக்கிய அலட்சியம், இறந்தவருடைய சொந்தத் தவறு என்று எழுதிவிட்டுப் போனார்கள். மை விஷயத்தில் நான் ஏமாறவில்லை என்பது அன்றுதான் எனக்கே நிச்சயமானது.

அக்கா மட்டும் நம்பவில்லை. அழுதுகொண்டே சொன்னாள்: "அவரு படிக்காம செய்ய மாட்டாருடா. நாலுன்னு போட்டிருந்தா நாலுதான் வெச்சிருப்பாரு. பெட்டியில வேற என்னமோ இருந்திருக்கு." அதற்குப் பிறகு அவள் எங்கள் சரக்கு போகிற கடைகளுக்கெல்லாம் போய்ப் பழைய பெட்டி கேட்டாளாம். எல்லோரும் மடித்து எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று நான் தைரியமாக இருந்தேன். எட்டு என்று போட்ட இந்தப் பெட்டி எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். அக்காதான் கொண்டுவந்து வைத்திருப்பாள். செருப்புக்காரருக்கு அதற்கு என்ன கொடுத்தாளோ. அவளும் எங்கள் வீட்டுப் பெண்தான், கேட்டதைக் கொடுத்திருக்க மாட்டாள்.

இப்போது நடுவில் விட்டது.

விழுந்ததும் நான் கத்தவில்லை, ஓடவில்லை. வழுக்கும் என்பதால் மெதுவாக நடந்து போனேன். அத்தான் நெஞ்சுவரை பெட்டிக்கு அடியில் இருந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் நுரைக்குள் அவருடைய செல்போன் கிடந்தது. தார்ப்பாய்க்காரர் இன்னும் லைனில் இருந்தார். "ஹலோ? சரி விடுங்க சார், நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க" என்றார். அந்தப் பேரத்தையும் அத்தான்தான் ஜெயித்திருந்தார். நான் போனை எடுத்து அணைத்தேன். அதிலேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். கூப்பிட்டேன். ஆனால் முதலில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வேட்டி நனைந்தது.

"அத்தான், இப்ப சொல்லுங்க. அந்த மிஷினை நான் நல்ல விலைக்குத்தானே வாங்கினேன்?"

அவசரப்படுத்தவில்லை. பேரத்தில் முதலில் வாயைத் திறப்பவன்தான் தோற்பான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம். விசிறிச் சத்தத்துக்கு நடுவே லோடு ஆட்களின் குறட்டை கேட்டது. கடைசியில் அவர் தலை ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது. அதற்குப் பிறகுதான் நான் எழுந்து போய் எல்லோரையும் எழுப்பினேன்.

உயிர் போகும்போது தலை தானாக அப்படி அசையும் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். டாக்டருக்கு வியாபாரம் தெரியாது, ஐயா. அது சம்மதம்.